நான்கு மைக், ஒரு லேப்டாப்: வீட்டுக் கச்சேரிப் பதிவுக்கு மலிவு மிக்சரா, விலை கூடியதா?

#1 நெய்தல்48

வணக்கம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பதை வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும். கூடவே எலக்ட்ரானிக் தம்பூரா. அறை 10க்கு 12 அடி. கையில் இருப்பவை ஆடியோ டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் மைக் இரண்டு, ஷூர் எஸ்எம்57 டைனமிக் மைக் இரண்டு, விண்டோஸ் லேப்டாப், ரீப்பர் (பதிவு மென்பொருள்).

மனதில் இருக்கும் மிக்சர்கள் மூன்று: பெரிங்கர் க்யூ802யூஎஸ்பி, யமஹா எம்ஜி10எக்ஸ்யூ, சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே. இந்த வரிசையில்தான் விலையும் ஏறுகிறது. விலை ஏறினால் குரல் நிஜமாகவே மாறுமா, இல்லை குமிழ்களின் எண்ணிக்கை மட்டும் கூடுமா?

#2 டெசிபல்

குரலை விடுங்கள். யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குள் எத்தனை தடங்கள் தனித்தனியாகப் போகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் பட்டியலில் விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

க்யூ802யூஎஸ்பியில் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் பகுதி) இரண்டே இரண்டு. உங்களிடம் மைக் நான்கு. ஆக அது அங்கேயே வெளியே போய்விட்டது. எம்ஜி10எக்ஸ்யூவில் மைக் உள்ளீடு 4 உண்டு. ஆனால் யூஎஸ்பியில் போவது ஸ்டீரியோ மிக்ஸ் மட்டுமே, அதாவது இரண்டு தடம். பேனலில் '10 சேனல்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ரீப்பரில் 10 தடம் வரும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். வராது. நான்கு மைக்கும் மிக்சருக்குள்ளேயே கலந்து, இடது வலது என இரண்டாகத்தான் வந்து சேரும். பிறகு மிருதங்கம் தூக்கலாக இருக்கிறது என்று கேட்டால், குறைக்க வழியே இல்லை.

சிக்னேச்சர் 12 எம்டிகேயில் யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குள் 14 தடம் போகும், 12 திரும்பி வரும். மைக் ப்ரீஆம்ப் 8. ஒவ்வொரு மைக்கும் தன் தடத்தில் தனியாக உட்காரும். பெயரில் எம்டிகே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே உருவத்தில் எம்டிகே இல்லாத சிக்னேச்சர் 12-உம் உண்டு. அதில் யூஎஸ்பி இரண்டு தடம்தான். கடையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

எம்ஜியிலேயே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒரு சேனலின் பேன் குமிழை (ஒலியை இடது வலது நகர்த்துவது) முழுதாக இடதுக்கும் இன்னொன்றை முழுதாக வலதுக்கும் திருப்பிவிட்டால் இரண்டு மோனோ தடம் தனித்தனியாகக் கிடைக்கும். குரல் இடது, மற்ற மூன்று மைக்கும் வலது என்று வைத்தால் குரலையாவது பிறகு ஏற்றி இறக்கலாம். ஹெட்ஃபோனில் குரல் ஒரு காதிலும் பக்கவாத்தியம் மறு காதிலும் கேட்கும். பாடுபவர் அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

#3 ஈயப்பற்று

நெய்தல் சார், உங்க லிஸ்ட்ல இல்லாட்டியும் ஒண்ணு சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கு உதவும். பேர் தெரியாத 7 சேனல், 8 சேனல் மிக்சர்லாம் '99 டிஎஸ்பி', 'ப்ளூடூத்', 'யூஎஸ்பி ரெக்கார்டிங்'னு போட்டு பாதி விலைக்கு வருது இல்லையா? பல மாடல்ல அந்த யூஎஸ்பி பென்டிரைவ் சொருகி எம்பி3 பாட்டு போட மட்டும்தான். லேப்டாப்ல சொருகினா ஆடியோ சாதனமாவே தெரியாது. துளை எந்த வடிவம்னு பாருங்க. பென்டிரைவ் போற தட்டையான துளை மட்டும் இருந்தா சந்தேகம்தான். கம்ப்யூட்டருக்குப் போறது பெரும்பாலும் சதுரமா, பிரிண்டர் கேபிள் மாதிரி இருக்கும். இல்லேன்னா டைப்-சி.

அடுத்தது பேன்டம் பவர், அதாவது கண்டென்சர் மைக்குக்கு மிக்சர் கேபிள் வழியா அனுப்பற மின்சாரம். '48 வோல்ட்'னு எழுதியிருக்கும், உள்ள 15 வோல்ட்தான் இருக்கும். ஏடி2020 மாதிரி கண்டென்சர் மைக் அதுல வேலை செய்யாது. செஞ்சாலும் சத்தமாப் பாடினா கரகரன்னு உடையும். மல்டிமீட்டர்ல பார்க்க ரெண்டு நிமிஷம் போதும்:

டிசி வோல்ட் 200 ரேஞ்ச். மைக் எதுவும் சொருகாம பேன்டம் ஸ்விட்ச் போடுங்க. எக்ஸ்எல்ஆர் சாக்கெட்ல (மைக் சொருகற மூணு துளை சாக்கெட்) 1ஆம் துளைக்கும் 2ஆம் துளைக்கும் நடுவுல அளங்க, பிறகு 1க்கும் 3க்கும். 44லேர்ந்து 52 வரைக்கும் இருந்தா சரி. இது சுமை இல்லாம பார்த்தது. சுமை கொடுத்தாத்தான் குட்டு வெளிப்படும். மீட்டரை டிசி மில்லிஆம்ப் ரேஞ்சுக்கு மாத்தி அதே 1-2 துளையில வைங்க. உள்ள 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கறதால ஒண்ணும் ஆகாது. 48ஐ 6800ஆல வகுத்தா 7 மில்லிஆம்ப். மீட்டர் 6.5க்கும் 7.5க்கும் நடுவுல காட்டினா சப்ளை நல்லா இருக்கு. 2, 3னு காட்டினா உள்ள வோல்டேஜ் படுத்துடுதுன்னு அர்த்தம். மீட்டர் கம்பியை மில்லிஆம்ப் துளைலேர்ந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாத்த மறக்காதீங்க. அப்படியே வச்சு கரண்டு சாக்கெட்டை அளக்கப் போனா மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

#4 பூஜ்யம்_டிபி

'குரல் மாறுமா' என்ற கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லிவிடலாம்.

ப்ரீஆம்பின் தரம் என்று பேசும்போது முதலில் வருவது அதன் சொந்த இரைச்சல். எம்ஜி10எக்ஸ்யூவுக்கு யமஹா கொடுக்கும் அளவு −128 டிபியூ, 150 ஓம்-இல் (டிபியூ என்பது மின் சமிக்ஞையின் அளவு, எண் கீழே போகப் போக அமைதி). எவ்வளவு காசு கொட்டினாலும் இது எவ்வளவு இறங்கும்? 150 ஓம் ரெசிஸ்டரே அறை வெப்பத்தில் எழுப்பும் இரைச்சல் சுமார் −131 டிபியூ. அதற்குக் கீழே இயற்பியல் விடாது. எனவே லட்ச ரூபாய் ப்ரீஆம்பும் இதைவிட 3 டிபிதான் அமைதியாக இருக்க முடியும். ஸ்பெக் தாளில் −134 என்று பார்த்தால் 0 ஓம்-இல் அளந்திருப்பார்கள், அல்லது ஏ-வெயிட்டிங் (காதுக்கேற்ற வடிகட்டி) போட்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் ஏடி2020. உணர்திறன் −37 டிபிவி, சொந்த இரைச்சல் 20 டிபி எஸ்பிஎல் (டிபிவியும் மின் அளவுதான், எஸ்பிஎல் காற்றில் உள்ள ஒலியின் அளவு). டிபியூவுக்கு மாற்றினால் 94 டிபி ஒலிக்கு மைக்கில் வருவது −34.8 டிபியூ. மைக்கின் இரைச்சல் அதற்கு 74 டிபி கீழே, சுமார் −109 டிபியூ. ப்ரீஆம்பின் இரைச்சல் −128. இரண்டுக்கும் இடையே 19 டிபி. ப்ரீஆம்பைக் காற்றழுத்தக் கணக்கில் சொன்னால் 1 டிபி எஸ்பிஎல், மைக் 20 டிபி எஸ்பிஎல், நள்ளிரவில் ஃபேன் நிறுத்திய வீட்டு அறை 30 டிபி எஸ்பிஎல். அறை, மைக், ப்ரீஆம்ப் என்ற வரிசையில்தான் இரைச்சல் கேட்கும். கண்டென்சர் மைக்குக்கு ப்ரீஆம்ப் மாற்றி இரைச்சலைக் குறைக்க நினைப்பது, கூரை ஒழுகும்போது குடத்தை மாற்றுவது போல.

#5 வலந்தலை

பூஜ்யம் சார், கணக்கு சரிதான். ஆனால் கண்டென்சரோடு நிறுத்திவிட்டீர்களே. அவரிடம் எஸ்எம்57-உம் இருக்கிறது. அதன் உணர்திறன் −56 டிபிவி, கண்டென்சரைவிட 19 டிபி குறைவு. ஆலாபனையில் தாழ்ந்த ஸ்தாயியில் மெதுவாக இழுக்கும் இடத்தில் மைக்குக்கு வருவது 74 டிபி என்று வையுங்கள். எஸ்எம்57 கொடுப்பது −74 டிபியூதான். −128 ப்ரீஆம்பில் 54 டிபி இடைவெளி கிடைக்கும். −120 ப்ரீஆம்பில் 46. அந்த 8 டிபி இரைச்சல் 'ஸ்ஸ்ஸ்' என்று தம்பூராவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். டைனமிக் மைக், மெல்லிய ஒலி, இந்த இரண்டும் சேரும்போது ப்ரீஆம்ப் விலைக்கு அர்த்தம் உண்டு. ஷூரின் எஸ்எம்7பி டைனமிக் மைக் வாங்கி வைத்துக்கொண்டு மலிவு மிக்சரில் கெயின் (பெருக்கும் அளவு) குமிழைக் கடைசிவரை திருப்புகிறவர்களின் புலம்பலுக்கும் காரணம் இதுதான். அதன் உணர்திறன் −59, இன்னும் 3 டிபி குறைவு.

பல மலிவு மிக்சர்களில் கெயின் குமிழின் கடைசி கால் சுற்றில் இன்னொரு சங்கடம். இரண்டு மணி இடம் வரை கெயின் மெதுவாக ஏறும், அதன்பின் மயிரிழை அசைந்தாலும் 10 டிபி தாவும். இடது வலது இரண்டையும் ஒரே அளவில் வைக்கவே முடியாது.

#6 பூஜ்யம்_டிபி

ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் தீர்வு எளிது: குரலுக்கும் வயலினுக்கும் ஏடி2020, மிருதங்கத்தின் இரு பக்கமும் எஸ்எம்57. சத்தமான இடத்தில் டைனமிக், மெல்லிய இடத்தில் கண்டென்சர். 74 டிபி கணக்கே எழாது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். கண்டென்சரை மிருதங்கத்தின் வலந்தலைக்கு (வலது பக்கம்) அருகில் வைத்தால் உச்சத்தில் 125 டிபி எஸ்பிஎல் வரலாம். மைக்கிலிருந்தே −4 டிபியூ. ப்ரீஆம்பின் குறைந்தபட்ச கெயின் 20 டிபி என்றால் வெளியே +16 டிபியூ. கெயின் குமிழைச் சுத்தமாகக் கீழே வைத்தும் சிவப்பு விளக்கு எரிவதற்கு இதுதான் காரணம். எம்ஜி10எக்ஸ்யூவில் 26 டிபி பேட் (சமிக்ஞையைக் குறைக்கும் பட்டன்) இருக்கிறது, அமுக்கினால் போதும். பேட் இல்லாத மிக்சரில் மைக்கைத் தள்ளி வைப்பதைத் தவிர வழியில்லை.

#7 நெய்தல்48

மைக் ஒதுக்கீடு புரிந்தது, நன்றி. அடுத்த சந்தேகம்: அறை சின்னது. எல்லா மைக்கிலும் எல்லாம்தானே விழும்? அப்போது தனித்தனித் தடம் இருந்தும் என்ன பயன்? அதற்கு எம்ஜியே போதாதா?

#8 வலந்தலை

நல்ல கேள்வி. 10க்கு 12 அறையில் மூவரும் உட்கார்ந்தால் குரல் மைக்கில் மிருதங்கம் கட்டாயம் விழும். வாயிலிருந்து மைக் 20 செ.மீ. என்றால் அடுத்த மைக் குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்கட்டும், 1க்கு 3 என்ற விகிதம். அப்போது கசிவு சுமார் 9, 10 டிபி கீழே போகும், அவ்வளவே. தனித் தடத்தில் குரலை 6 டிபி ஏற்றினால் கூடவே கொஞ்சம் மிருதங்கமும் ஏறும். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது உண்மை.

ஆனால் மிருதங்கத்துக்கு இரண்டு மைக் என்றாலே தனித் தடம் தேவைப்படும். தொப்பிக்கு (இடது பக்கம்) எதிரே ஒன்று, வலந்தலைக்கு எதிரே ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. தாழ்ந்த ஒலியில் ஒரு மைக்குக்கு காற்று உள்ளே வரும்போது மற்றதற்கு வெளியே போகும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமையாக இருக்கும், சேர்த்தால் கும்கி (தொப்பியின் கனத்த ஒலி) காணாமல் போகும். தொப்பி அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ஆகிவிடும். ஈக்யூவில் பாஸ் ஏற்றினாலும் திரும்பாது, ஏனென்றால் ஒன்றையொன்று அழித்துவிட்டது.

ரீப்பரில் தனித் தடமாக இருந்தால் ஒரு தடத்தில் போலாரிட்டி பட்டனை (அலையைத் தலைகீழாக்குவது) ஒரு முறை அமுக்கினால் முடிந்தது. கும்கி திரும்பி வருவதைக் காதாலேயே கேட்கலாம். ஸ்டீரியோவாகக் கலந்து பதிந்துவிட்டால் கதை முடிந்தது. எம்ஜி10எக்ஸ்யூவில் போலாரிட்டி பட்டன் கிடையாது.

#9 ஈயப்பற்று

எம்ஜிதான் வாங்குவேன்னா அதுக்கும் வைத்தியம் இருக்கு. ஒரே ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிளோட ஒரு முனையில மட்டும் 2ஆம் முள் கம்பியையும் 3ஆம் முள் கம்பியையும் இடம் மாத்தி பத்த வைங்க. 1ஐ தொடாதீங்க. தொப்பி மைக்குக்கு அந்த கேபிள். பேன்டம் ரெண்டு முள்ளுலயும் ஒரே அளவுல போறதால கண்டென்சருக்கும் பாதகம் இல்லை. கேபிள்ல சிவப்பு டேப் சுத்தி 'தலைகீழ்'னு எழுதிடுங்க. ஆறு மாசம் கழிச்சு அதை வேற எங்கயாவது போட்டுட்டு மண்டையை உடைச்சுக்கக் கூடாது பாருங்க.

#10 டெசிபல்

ஸ்டீரியோ யூஎஸ்பி மிக்சரில் இன்னொரு சிக்கல்: நீங்கள் திருப்பும் எல்லாமே பதிவில் ஏறும். சேனல் ஈக்யூ, ஒற்றைக் குமிழ் கம்ப்ரசர், எஃபெக்ட்ஸ் ரிவெர்ப், எல்லாம். பாடுபவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்று ரிவெர்ப் போட்டால் அது வயலினோடும் மிருதங்கத்தோடும் ஒட்டிக்கொண்டு பதிவாகும். பிறகு உரித்தெடுக்க முடியாது. எம்ஜியின் கம்ப்ரசர் குமிழைப் பூஜ்யத்திலேயே வையுங்கள். கமகத்தின் ஏற்ற இறக்கத்தை அது தட்டையாக்கிவிடும்.

மல்டிடிராக் மிக்சர்களில் ஒவ்வொரு தடமும் ஃபேடருக்கு (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) முன்பாகவே யூஎஸ்பிக்குப் பிரிந்து போவது வழக்கம். ஃபேடரும் ரிவெர்ப்பும் ஹெட்ஃபோனுக்கு மட்டும். பாடுபவருக்குத் தேவையான ரிவெர்ப் தாராளமாகக் கொடுக்கலாம், ரீப்பரில் குரல் ரிவெர்ப் ஒட்டாமல் காய்ந்தபடியே விழும். ஈக்யூவுக்கு முன்பா பின்பா, கம்ப்ரசருக்கு முன்பா பின்பா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பிளாக் டயக்ராம் இருக்கும். அதில் யூஎஸ்பி என்ற அம்பு எந்தப் பெட்டிக்குப் பிறகு கிளம்புகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன்பே கையேட்டை இறக்கிப் பார்க்கலாம். விளம்பரப் பக்கத்தைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

#11 மதுரை_ஃபேடர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மிக்சரே ஏன்? அதே காசுக்கு 8 ப்ரீஆம்ப் உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வாங்கலாமே. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20-இல் 8 மைக் உள்ளீடு இருக்கிறது. ஃபேடர் எல்லாம் ரீப்பரில் இருக்கும்போது மேசை மேல் எதற்கு இன்னொன்று?

#12 டெசிபல்

தனியாகப் பாடி, ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர் என்றால் உங்கள் கட்சிதான். இங்கே மூவர் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள், ஹெட்ஃபோன் தேவைப்படலாம். ரீப்பர் வழியாகக் கேட்டால் தாமதம் வரும்: 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு பக்கத்துக்கு 5.3 மில்லிசெகண்ட், போய் வர இரட்டிப்பு, அதற்கு மேல் கன்வர்ட்டர்களின் தாமதம். மிருதங்கக்காரருக்கு அது உறுத்தும். அனலாக் மிக்சரில் ஹெட்ஃபோனுக்குத் தாமதமே கிடையாது. இன்டர்ஃபேஸிலும் உள்ளே மிக்ஸ் செய்யும் மென்பொருள் உண்டு, ஆனால் மௌஸை வைத்துக்கொண்டு நான்கு சேனலைச் சரிசெய்வதற்குள் பல்லவி முடிந்துவிடும். குமிழ் கையில் இருப்பது வசதி.

லேப்டாப்பே வேண்டாம் என்றால் டாஸ்காம் மாடல் 12, ஜூம் எல்-12 இரண்டும் எஸ்டி கார்டிலேயே தடம் தடமாகப் பதியும், இரண்டிலும் மைக் ப்ரீஆம்ப் 8. பதிவின் நடுவே விண்டோஸ் அப்டேட் எட்டிப்பார்க்கும் தொல்லை இல்லை. கார்டு கணக்கு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ தடம் நிமிடத்துக்கு 8.64 எம்பி. நான்கு தடம், ஒரு மணி நேரம், சுமார் 2 ஜிபி. மாடல் 12-இன் பன்னிரண்டையும் ஓடவிட்டால் 6 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். எல்-12-இல் பாடுபவர், வயலின், மிருதங்கம் என ஆளுக்கொரு ஹெட்ஃபோன் துளை கொடுக்கலாம், மொத்தம் ஐந்து இருக்கின்றன. வீட்டுக் கச்சேரிக்கு இது பெரிய விஷயம்.

#13 நெய்தல்48

ஹெட்ஃபோன் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. யூஎஸ்பி மிக்சரில் பதிவு செய்யும்போது எதிரொலி சுழன்று சுழன்று வரும் என்று பல இடங்களில் படித்தேன். எதனால்?

#14 டெசிபல்

ரீப்பரின் ஒலி யூஎஸ்பி வழியாக மிக்சருக்குத் திரும்புகிறது. அது ஸ்டீரியோ மிக்ஸில் சேர்ந்தால், மீண்டும் யூஎஸ்பியில் ஏறி ரீப்பருக்குப் போகிறது, மீண்டும் திரும்புகிறது. பாம்பு தன் வாலைத் தானே விழுங்குவது போல. தடத்தில் மானிட்டரிங் ஆன் செய்திருந்தால் சில நொடிகளில் ஊளையே எழும்.

மூன்று இடத்தில் சரிபாருங்கள். ரீப்பர் தடத்தில் மானிட்டரிங்கை அணையுங்கள், நேரடி ஒலியை மிக்சரிலேயே கேட்டுக்கொள்ளலாம். எம்ஜி10எக்ஸ்யூவில் 9/10 சேனலுக்குப் பக்கத்தில் யூஎஸ்பி ஒலி எங்கே போக வேண்டும் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதை மானிட்டர் பக்கம் வையுங்கள். ஸ்டீரியோ பக்கம் வைத்தால் அதுவும் பதிவாகும். க்யூ802-இலும் ஃபோன்ஸுக்கா மெயின் மிக்ஸுக்கா என்று இதே வேலைக்குப் பட்டன் உண்டு. கடைசியாக, விண்டோஸ் ஒலி அமைப்பில் 'இந்தச் சாதனத்தைக் கேள்' என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

#15 பூஜ்யம்_டிபி

அதே ஒலி அமைப்பில் சாம்பிள் ரேட்டையும் பார்த்துவிடுங்கள். சாதனம் 48 கிலோஹெர்ட்ஸில் ஓட, கோப்பை 44.1 என்று எங்கோ தவறாக எடுத்துக்கொண்டால் சுருதி ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியது நாலுக்கும் நாலரைக்கும் நடுவே போய் விழும், 10 நிமிடக் கீர்த்தனை 10 நிமிடம் 53 நொடி ஆகும். பாடுபவர் கேட்டதும் கண்டுபிடித்துவிடுவார், மற்றவர்கள் 'என்னமோ கனமாக இருக்கிறதே' என்பார்கள். மிக்சர் டிரைவர், விண்டோஸ், ரீப்பர் மூன்றிலும் 48 என்றே வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

டிரைவரும் விலை வித்தியாசத்தின் ஒரு பகுதி. யமஹா தன் சொந்த ஏஎஸ்ஐஓ (தாமதம் குறைந்த ஒலி) டிரைவர் கொடுக்கிறது. மலிவு மிக்சர்கள் பலவற்றுக்கு ஏஎஸ்ஐஓ4ஆல் போட வேண்டும். அது உண்மையான டிரைவர் அல்ல, விண்டோஸ் டிரைவரின் மேல் போர்த்திய போர்வை. வேலை செய்யும், ஆனால் யூட்யூப் பக்கம் பின்னால் திறந்திருந்தால் மிக்சர் காணவில்லை என்று அடம் பிடிக்கும்.

#16 ஈயப்பற்று

உர்ர்ர் சத்தத்தைப் பத்தி யாரும் பேசலையே. அதுக்கும் மிக்சர் விலைக்கும் சம்பந்தம் குறைவு, ஆனா பழி மிக்சர் மேலதான் விழும்.

முதல்ல லேப்டாப் சார்ஜரைக் கழட்டுங்க. உர்ர் நின்னுச்சுன்னா மிக்சர்ல கோளாறு இல்லை. ரெண்டு முள் சார்ஜர்ல எர்த் கிடையாது, உள்ள இருக்கற ஒய் கெப்பாசிட்டர் வழியா கொஞ்சூண்டு மின்சாரம் லேப்டாப் உடம்புக்குக் கசியும். லேப்டாப் ஓரத்தைத் தொட்டா சுர்னு இருக்கே, அதேதான். அது யூஎஸ்பி கேபிளோட கிரவுண்டு வழியா மிக்சருக்குப் போகுது. பதிவு நேரத்துல பேட்டரில ஓட்டுங்க, இல்ல மூணு முள் சார்ஜர் போடுங்க.

அந்த மூணாவது முள்ளுக்கு வீட்டுல நிஜமா எர்த் இருக்கான்னும் பாருங்க. மீட்டரை ஏசி 750க்கு வச்சு சாக்கெட்ல அளந்தா ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள்ள. ஃபேஸ்-எர்த் ஏதோ 90, 110னு ஆடிக்கிட்டு இருந்தா எர்த் கம்பி எங்கயும் சேரலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. உர்ருக்காக எர்த் முள்ளை வெட்டற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், மைக்கோட கம்பிவலையில உதடு படற இடம் அது.

ஃபேன் நின்னாத்தான் சத்தம் போகுதா? ரெகுலேட்டரைப் பாருங்க. வழவழன்னு சுத்தற குமிழ்னா உள்ள ட்ரையாக், அது கரண்டு அலையை வெட்டி வெட்டி அனுப்பும். 1, 2, 3னு டக் டக்னு நிக்கறதுன்னா கெப்பாசிட்டர் வகை, அது சாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓடும்போது பதிவே எடுக்காதீங்க. எஸ்எம்57க்குப் பக்கத்துல மிக்சர் அடாப்டரை வைக்காதீங்க, அடாப்டர் டிரான்ஸ்ஃபார்மரோட காந்தப்புலத்தை மைக் சுருள் அப்படியே பிடிக்கும். ஒரு மீட்டர் தள்ளுங்க.

#17 மதுரை_ஃபேடர்

கிரவுண்டு இணைப்பைத் துண்டிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று சின்னப் பெட்டி விற்கிறார்களே, அதைப் போட்டால் போதாதா?

#18 பூஜ்யம்_டிபி

மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஏடியூஎம்4160 சிப் போட்டவை. அது 12 மெகாபிட் வேகம் வரைதான். க்யூ802யூஎஸ்பி 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், அந்த வேகத்துக்குள் அடங்கும். எம்ஜி10எக்ஸ்யூ 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் யூஎஸ்பி 2.0 சாதனம், அதற்கு 480 மெகாபிட் ஐசொலேட்டர் வேண்டும், விலை பல மடங்கு. மலிவைச் சொருகினால் மிக்சர் லேப்டாப்பில் தெரியாமலே போகும்.

#19 நெய்தல்48

பழையது வாங்கினால்? சிக்னேச்சர் விலைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

#20 ஈயப்பற்று

வாங்கலாம், ஆனா கையில ஒரு மைக், ஹெட்ஃபோன், மீட்டரோட போங்க. ஃபேடர் எல்லாத்தையும் மைக் சத்தம் வர்றப்ப மெதுவா மேலயும் கீழயும் நகர்த்துங்க. கரகரன்னா தூசி, அது சரியாகும். குறிப்பிட்ட ஒரு இடத்துல சத்தம் செத்துப் போச்சுன்னா கார்பன் தடம் தேஞ்சுடுச்சு, மாத்தணும். ஒவ்வொரு ஜாக்கையும் கேபிள் சொருகி லேசா பக்கவாட்டுல அசைங்க. விட்டு விட்டு வந்தா போர்டுல ஈயப்பற்று விரிசல். மலிவு மிக்சர்ல ஜாக் நேரா போர்டுல மட்டும் நிக்கும், கேபிள்ல கால் தடுக்கினா முழு இழுப்பும் அந்த ஈயத்து மேலதான். விலை கூடினதுல ஜாக்கை மேல்தகட்டோட உலோக நட் போட்டு இறுக்கியிருப்பாங்க. ஆலன் அண்ட் ஹீத் ஜெட் வரிசையோட பெரிய மாடல்ல ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி போர்டு. ஒரு சேனல் கெட்டா அதை மட்டும் கழட்டி வேலை பார்க்கலாம். என்னைக் கேட்டா விலை வித்தியாசத்துல நியாயமானது இதுதான்.

கடற்கரை ஊர்னா உப்புக்காத்து வேற. ஃபேடர் சுத்தம் பண்ண கரண்டை அணைச்சுட்டு, ஃபேடருக்குன்னே வர்ற வழவழப்பு ஸ்ப்ரே ஒரு சொட்டு அளவு அடிச்சு, 20, 30 தடவை நகர்த்துங்க. கதவுக் கீலுக்குப் போடற எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ள அடிக்காதீங்க, கொஞ்ச நாள்ல தூசியைக் குழைச்சுப் பசையாக்கிடும்.

அடாப்டர் ஒரிஜினலா இருக்கணும். எம்ஜி10எக்ஸ்யூவோட பிஏ-10 அடாப்டர் டிசி தர்றதில்லை, சென்டர் டேப் (நடுவுலேர்ந்து எடுத்த கம்பி) வச்ச ஏசி தருது, மூணு முள். 'அடாப்டர் எல்லாம் ஒண்ணுதானே'ன்னு எதையாவது ஒட்டுப்போட்டா பேன்டமும் போகும், மிக்சரும் போகும்.

#21 டெசிபல்

ஃபயர்வயர் உள்ள பழைய மிக்சர்கள் பாதி விலைக்கு வரும்: மேக்கி ஆனிக்ஸ் 1640ஐ, ப்ரீசோனஸ் ஸ்டுடியோலைவ் 16.4.2-இன் முதல் பதிப்பு போன்றவை. மிக்சராக அருமையானவை, ஆனால் உங்கள் லேப்டாப்பில் அந்தத் துளையே இருக்காது. ஆசைப்படாதீர்கள்.

யூஎஸ்பியே இல்லாத மேக்கி 1202விஎல்இசட்4 கிடைத்தால் வேறு வழி உண்டு. முதல் நான்கு சேனலிலும் இன்சர்ட் துளை (ஒலியை நடுவழியில் வெளியே எடுக்கும் துளை) இருக்கிறது. மோனோ பின்னை முதல் 'கிளிக்' வரை மட்டும் பாதியாகச் சொருகினால் ப்ரீஆம்ப் ஒலி வெளியே வரும், சேனலும் அறுபடாது. நான்கு லைன் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இது லாபம். பாதியாக நிற்கும் பின் லேசாக இடித்தாலே நழுவும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஸ்டீரியோ பின்னில் டிப்பையும் (நுனி) ரிங்கையும் (நடு வளையம்) சேர்த்துப் பற்றவைத்து முழுதாகச் சொருகுங்கள்.

#22 நெய்தல்48

முடிவுக்கு வந்துவிட்டேன். மிருதங்கப் போலாரிட்டி விஷயம்தான் தீர்மானித்தது: எம்டிகே, கிடைக்காவிட்டால் மாடல் 12. கடைசியாக ஒன்று. தம்பூராப் பெட்டியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து மிக்சருக்கு ஸ்டீரியோ கேபிள், மறுமுனையில் கால் அங்குல ஸ்டீரியோ பின், மோனோ சேனலின் லைன் துளையில். இப்படிக் கொடுக்கலாமா?

#23 பூஜ்யம்_டிபி

கொடுத்தால் தம்பூரா கேட்காது. அந்த லைன் துளை பேலன்ஸ்டு, டிப்பில் வருவதிலிருந்து ரிங்கில் வருவதைக் கழிக்கும். தம்பூராப் பெட்டி பெரும்பாலும் இடது வலது இரண்டிலும் ஒரே ஒலியைத்தான் தரும். ஒன்றிலிருந்து அதையே கழித்தால் பூஜ்யம். மீட்டர் அசையாது, கேபிள் அறுந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

3.5 மி.மீ. ஸ்டீரியோவிலிருந்து இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் ஒய் கேபிள் வாங்கி, ஸ்டீரியோ சேனலின் இடது வலது துளைகளில் கொடுங்கள். சேனல் குறைவாக இருந்தால் இடதை மட்டும் சொருகுங்கள், மற்றது தொங்கட்டும், அதன் முனை எதிலும் படாமல் டேப் சுற்றிவிடுங்கள். எக்ஸ்எல்ஆருக்கு மாற்றும் கேபிள் மட்டும் வேண்டாம், பேன்டம் 48 வோல்ட் தம்பூராப் பெட்டிக்குள் போகும்.

#24 வலந்தலை

தம்பூராவைத் தனித் தடத்தில் எடுக்கும்போது அதன் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நான்கு மைக்கிலும் அதுவே விழும். பாடுபவருக்கு ஹெட்ஃபோனில் கொடுங்கள், மிருதங்கக்காரருக்கும் சேர்த்து. சுருதி சேர்க்காமல் அவர் தொடங்க மாட்டார்.